400 வெள்ளிக்குள் ஒரு பைனாகுலர்: சுங்கை பூலோவில் தோற்றதும் தேறியதும்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் ஒரு குடும்பம். அப்பாவுக்கு 58 வயது, மூக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. மகளுக்கு 13. பறவை பார்ப்பதில் முதலில் ஆர்வம் கொண்டவள் மகள்தான். அவளுக்காக அப்பா இணையத்தில் 79 வெள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்கினார். முன்பக்கத்தில் செக்கச்செவேலென மின்னும் வில்லைகள், உடம்பில் ‘10–30×60’ என்று பெரிய எழுத்து. ஒன்பது மாதத்தில் அது பெட்டியோடு அலமாரிக்குள் போனது. மகள் சொன்ன குறை ஒன்றே ஒன்று: “அப்பா, எல்லாம் ரெண்டா தெரியுது, தலை வலிக்குது.”

இரண்டாவது முறை வாங்கும்போது அவர்கள் ஒதுக்கிய தொகை 400 வெள்ளி. கருவி, வார், அதை வைக்கும் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்த ஆய்வு மூன்றைப் பற்றியது: முதல் கருவி ஏன் தோற்றது, இரண்டாவது எப்படித் தேர்வானது, பத்து மாதம் கழித்து அது எந்த நிலையில் இருக்கிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரில் குறைந்த பணத்தில் பைனாகுலர் வாங்குகிறவர் முதல் காசை ஈரம் புகாத உடம்புக்குக் கொடுக்க வேண்டும், இரண்டாவதை இரு குழாய்களும் ஒரே திசையில் நிற்பதற்கு, மூன்றாவதை வில்லைப் பூச்சுக்கு. பெரிதாக்கும் எண் கடைசியில்தான் வரும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளம்பரமும் அப்படித்தான் செய்ய வைக்கிறது.

பழைய கருவியின் பிரேதப் பரிசோதனை

எதையும் கழற்றத் தேவைப்படவில்லை. ஓர் அளவுகோல், ஒரு சிறிய டார்ச், எதிர் புளோக்கின் நடைபாதைச் சுவர் ஆகிய மூன்றும் போதுமாக இருந்தன.

‘10–30×60’ என்றால் பொருட்களை 10 முதல் 30 மடங்கு வரை பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று பொருள். முதலில் ‘60’ என்ற எண். முன்வில்லையின் விட்டம் அளவுகோலில் உண்மையிலேயே 60 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த 60 மில்லிமீட்டரும் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்தால், கண்வைக்கும் வில்லையில் ஒரு சிறிய ஒளிவட்டம் மிதப்பது தெரியும். அதுதான் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம். நியாயமான கருவியில் அது முன்வில்லை விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்த அளவாக இருக்க வேண்டும்: 60ஐ 10ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர். இதில் இருந்தது 3.8. அதாவது உள்ளே எங்கோ ஒரு தடுப்பு வளையம் வில்லையின் ஓரத்தை மறைத்துவிட்டது. வேலை செய்தது 38 மில்லிமீட்டர் மட்டுமே. கண்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தை அளந்தபோதும் அதே 38 வந்தது. மட்டமான வில்லையின் ஓரத்தில்தான் பிழைகள் கூடுதல். அதை வெட்டிவிட்டால் படம் ஓரளவு கூர்மையாகத் தெரியும். அதனால்தான் இப்படிச் செய்கிறார்கள். வாங்கியவர் 60க்குப் பணம் கொடுத்து, அந்தக் கண்ணாடியின் எடையையும் சுமந்து, 38ஐப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒளிவட்டம் வட்டமாகவும் இல்லை. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரத்தை நெருங்கியிருந்தது. உள்ளேயிருக்கும் பட்டகம் (தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி) பிகே-7 என்ற கண்ணாடியில் செய்யப்பட்டிருந்தால் பொதுவாக இப்படித் தெரியும். நல்ல கருவிகளில் வரும் பேக்-4 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.57, பிகே-7இன் எண் 1.52. இந்தச் சிறு வித்தியாசத்தால், சாய்வாக வரும் ஒளிக்கதிர் பட்டகத்தின் முகத்தில் முழுமையாகப் பிரதிபலிக்காமல் ஓரத்தில் கசிந்துவிடுகிறது.

அடுத்தது சிவப்புப் பூச்சு. இரவிலும் தெரியும், தொழில்முறைக் கருவி என்றெல்லாம் விற்கப்படும் பூச்சு இது. சிவப்பாக மின்னுகிறதென்றால் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். கண்ணுக்கு வருவது பச்சையும் நீலமும் கூடிய படம். அவர்கள் பறவை பார்க்கப் போகும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் இது அழகு சார்ந்த குறை அல்ல. அங்கே குளத்தோரம் நிற்கும் சிவப்புக்கால் உள்ளானையும் பச்சைக்காலியையும் பிரிக்கும் முதல் அடையாளம் காலின் நிறம். சிவப்பைத் தின்றுவிடும் கருவி அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது.

தலைவலிக்குக் காரணம் ஜூம், அதாவது பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. இரண்டு குழாய்களிலும் உள்ள வில்லைகள் ஒரே நெம்புகோலால், ஒரு மெல்லிய பட்டையின் வழியாக, ஒரே அளவு நகர வேண்டும். மலிவான கருவியில் அந்தப் பட்டையில் சிறிது தளர்வு இருந்தாலே ஒரு கண் 19 மடங்கும் மறுகண் 20 மடங்கும் பார்க்கும். இரண்டு வேறு அளவுப் படங்களை ஒன்றாக்க மூளை இடைவிடாமல் போராடும். நிலையான பெருக்கம் உள்ள கருவியில் இந்தச் சிக்கலே கிடையாது. பட்ஜெட் வாங்குதலில் ஜூம் பைனாகுலரை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடலாம். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

‘ரெண்டா தெரிவதற்கு’ இன்னொரு காரணமும் இருந்தது: குழாய்கள் கோணியிருந்தன. இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. பைனாகுலரை மேசை விளிம்பில், ஒரு மூட்டை அரிசியின் மேலோ மடித்த துண்டின் மேலோ அசையாமல் வையுங்கள். தொலைவிலுள்ள ஒரு புளோக்கின் நடைபாதைக் கைப்பிடிச் சுவரைக் குவியுங்கள். 200 மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. பிறகு கண்களை மெதுவாக 10, 15 சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். இரண்டு தனித்தனி வட்டங்கள் தெரியத் தொடங்கும். இரு வட்டங்களிலும் அந்தச் சுவரின் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். இந்தக் கருவியில் வலப்பக்கக் கோடு தெளிவாகவே கீழே இறங்கியிருந்தது. இடவலமாகச் சிறிது விலகல் இருந்தால் கண்கள் உட்பக்கம் திரும்பிச் சமாளித்துவிடும். மேல்கீழ் விலகலைச் சமாளிக்கும் பழக்கம் நம் கண்களுக்கு இல்லை. அதனால் மேல்கீழ் விலகல் கொஞ்சமாக இருந்தாலும் கருவி வேண்டாம். சோதிக்கும்போது குழாயைச் சூரியன் இருக்கும் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. அரை விநாடிகூட விழித்திரையைச் சுட்டுவிடும்.

கடைசியாகப் பூஞ்சை. இருட்டறையில் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தபோது, பட்டகத்தின் முகத்தில் சிலந்தி நூல்போல் கிளைகிளையாகப் படர்ந்திருந்தது. கருவிக்கு ஈரக்காப்பு கிடையாது. வாங்கியபோது உடன்வந்த செயற்கைத் தோல் உறையிலேயே ஒன்பது மாதமும் மூடி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். 70ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குப் போதும். உறை தூசியைத் தடுத்தது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. பட்டகத்தில் படர்ந்த பூஞ்சை சுரக்கும் அமிலம் காலப்போக்கில் பூச்சையே அரிக்கும். 79 வெள்ளிக் கருவியைப் பிரித்துத் துடைத்துக் குழாய்களைத் திரும்ப ஒத்திசைக்கும் கூலி அதன் விலையைவிடக் கூடுதல். எனவே பழுதுபார்க்கும் பேச்சே எழவில்லை.

தேவை என்ன என்று அளந்தது

கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகள் எடுக்கப்பட்டன.

ஒன்று, தூரம். சுங்கை பூலோவில் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் வெளிச் சேற்றுப் பரப்பு மூழ்கிவிடும். மதகுகளால் நீர்மட்டம் தாழ்த்தப்பட்ட குளங்களுக்குள் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து கூட்டமாக ஓய்வெடுக்கும். பறவை பார்ப்போர் ஒளிந்து நிற்கும் மறைவிடத்திலிருந்து அவை பெரும்பாலும் 40 முதல் 90 மீட்டரில் இருக்கும். 70 மீட்டரில் நிற்கும் பறவையை 8 மடங்கில் பார்த்தால், வெறும் கண்ணால் 8.75 மீட்டரில் பார்ப்பது போல. 10 மடங்கில் 7 மீட்டர். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் 10 மடங்கு கருவி கை நடுக்கத்தையும் கால்பங்கு கூடுதலாகப் பெரிதாக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கும், மரக்கட்டைச் சுவரில் முழங்கை ஊன்ற இடம் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் 8 மடங்குதான் பொருத்தம். காலை பத்து மணிக்கு மேல் சேற்றிலிருந்து எழும் வெப்ப அலையில் காட்சி கொதிக்கத் தொடங்கும். அப்போது பெருக்கம் கூடக்கூடப் பெரிதாவது அந்தக் கொதிப்புத்தான்.

இரண்டு, கண்கள். கண்ணாடியின் முன் நின்று, ஒரு கண்பாவையின் நடுவிலிருந்து அடுத்த கண்பாவையின் நடு வரை அளவுகோலால் அளந்தார்கள். அப்பாவுக்கு 65 மில்லிமீட்டர், மகளுக்கு 57. பெரும்பாலான முழு அளவுக் கருவிகள் 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்குவதில்லை. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் மறந்துவிடும் எண் இது. பிள்ளை ‘ஒரு கண்ணில்தான் தெரிகிறது’ என்று சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்பாவுக்கு வேறொரு எண் முக்கியம், கண்தூரம்: கண்வைக்கும் வில்லையிலிருந்து எவ்வளவு பின்னால் கண் இருந்தாலும் முழு வட்டமும் தெரியும் என்பது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு இது குறைந்தது 15, வசதியாக 17 மில்லிமீட்டர் வேண்டும். 11, 12 என்று இருந்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

மூன்று, ஒளி. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 8×42இல் 5.25 மில்லிமீட்டர், 8×40இல் 5, 8×32இல் 4, சட்டைப்பை அளவு 8×25இல் 3.1. வெட்டவெளிப் பகலில் நம் கண்பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 8×25கூடப் போதும்போல் தோன்றும். மெக்ரிட்சி காட்டு நிழலிலும், காலை ஏழரை மணிக்கு முந்தைய மங்கலிலும்தான் 40க்கு மேல் உள்ள வில்லை தன் வேலையைக் காட்டும். 7×50 வாங்கலாமா என்று அப்பா கேட்டார். அதன் கற்றை 7.1 மில்லிமீட்டர், ஐம்பது வயதுக்கு மேல் பலரின் கண்பாவை இருட்டிலும் அவ்வளவு விரிவதில்லை. மிஞ்சும் ஒளி கருவிழியின் ஓரத்தில் விழுந்து வீணாகும்.

பெட்டியின் மேல் உள்ள சொற்கள்

பூச்சைப் பற்றி நான்கு விதமாக எழுதுவார்கள்: பூச்சிட்டது, முழுவதும் பூச்சிட்டது, பல அடுக்குப் பூச்சிட்டது, முழுவதும் பல அடுக்குப் பூச்சிட்டது. கடைசிச் சொல்தான் வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒரு குழாயில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு பத்து என்று வைத்துக்கொண்டால், பூச்சே இல்லாதபோது 66 விழுக்காடுதான் மிஞ்சும். ஓரடுக்குப் பூச்சில் இழப்பு ஒன்றரை விழுக்காடாகக் குறையும், மிஞ்சுவது 86. பல அடுக்கில் இழப்பு அரை விழுக்காடோ அதற்கும் கீழோ; 95 வரை வந்து சேரும். இழந்த ஒளி வெளியே போய்விட்டால்கூடப் பரவாயில்லை. அதில் ஒரு பங்கு குழாய்க்குள்ளேயே அலைந்து படத்தின் மேல் வெள்ளைத் திரையாகப் படியும். நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் மின்னும் குளத்தோரத்தில் இந்தத் திரைதான் உண்மையான எதிரி.

பட்டகத்தில் இரண்டு வகை. போரோ பட்டகம்: குழாய்கள் தோள் புடைத்தாற்போல் வெளிவளைந்து நிற்கும் பழைய வடிவம். கூரைப் பட்டகம்: நேர்க்குழாய், கைக்கு அடக்கம். நேர்க்குழாய்தான் புதியது, ஆகவே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 400 வெள்ளிக்குக் கீழே அது பொருந்தாது. பேக்-4 கண்ணாடியாலான போரோவில் ஒளி எல்லா முகங்களிலும் முழுமையாகப் பிரதிபலிக்கிறது. தனியாகக் கண்ணாடிப் பூச்சு எதுவும் தேவையில்லை. பரவலாகப் பயன்படும் கூரைப் பட்டகத்தில் ஒரு முகம் அப்படிப் பிரதிபலிக்காது. அங்கே அலுமினியம், வெள்ளி அல்லது மின்கடத்தாப் பல அடுக்குப் பூச்சு போட வேண்டும். அலுமினியம் அங்கே பத்து விழுக்காடு அளவுக்கு ஒளியைத் தின்னும். மின்கடத்தாப் பூச்சு 99க்கு மேல் திருப்பும், ஆனால் விலை கூடும். அது போதாதென்று, கூரை விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது அலைகளின் கட்டம் பிசகுகிறது. அதைச் சரிசெய்யத் தனிப் பூச்சு வேண்டும். 1988இல்தான் ஸைஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பூச்சு இல்லையென்றால் நுண்ணிய கோடுகள் மங்கும். பெட்டியில் கட்டத்திருத்தப் பூச்சு என்று எழுதியிருக்கவில்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தால் எழுதாமல் விடமாட்டார்கள்.

ஈரக்காப்புக்கு இரண்டு சேர்ந்திருக்க வேண்டும்: ரப்பர் வளைய அடைப்பும், உள்ளே நைட்ரஜன் நிரப்பலும். ‘மழைத்துளி தாங்கும்’ என்பது வேறு, ‘ஐபிஎக்ஸ்7’ என்பது வேறு. பின்னது ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் தரம்.

கடையில்

இறுதிச் சுற்றுக்கு மூன்று கருவிகள் வந்தன. நிக்கான் ஆக்‌ஷன் இஎக்ஸ் 8×40: போரோ வகை, ஈரக்காப்பும் நைட்ரஜனும் உண்டு, காட்சிக் கோணம் 8.2 பாகை, கண்தூரம் 17.2 மில்லிமீட்டர், எடை 855 கிராம். நிக்கான் மோனார்க் எம்5 8×42: கூரைப் பட்டகம், நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈடி கண்ணாடி, கட்டத்திருத்தமும் மின்கடத்தாப் பூச்சும் உண்டு, 6.4 பாகை, 19.5 மில்லிமீட்டர், 630 கிராம். மூன்றாவது, அதிகம் அறியப்படாத பெயரில் வந்த ஒரு மலிவான 10×42 கூரைப் பட்டகக் கருவி; அப்பாவின் மனம் பத்து மடங்கிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

சிட்டி ஹால் அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேமராக் கடைகள் பல உண்டு. கடைக்குள் இருக்கும் விளக்கில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். வாசல் வரை கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். எதிரே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருப்பது நல்வாய்ப்பு. அதன் வெள்ளைக் கோபுர உச்சி வானத்தைச் சந்திக்கும் விளிம்பில் ஊதாவோ பச்சையோ ஓரம் கட்டுகிறதா என்று பாருங்கள். நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு வட்டத்தின் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். எம்5இல் அந்த ஓரம் ஏறக்குறைய இல்லை. இஎக்ஸில் நடுவில் சுத்தம், ஓரத்தில் மெல்லிய ஊதா. படத்தின் விளிம்புப் பகுதி சற்று மங்கல். 10×42இல் நடுவிலேயே நிறம் கட்டியது.

அடுத்து எதிரொளிச் சோதனை. பிரகாசமான வான்பகுதிக்குச் சற்றுக் கீழே நிழலில் உள்ள ஒரு பொருளைக் குவித்து, கருமை கருமையாகவே இருக்கிறதா, சாம்பல் பூத்துவிடுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு கருவியைத் தள்ளிப்பிடித்து, அந்த ஒளிவட்டத்தைச் சுற்றி வேறு பிறைகளோ வளையங்களோ மின்னுகின்றனவா என்று பார்த்தார்கள். மின்னினால் குழாய்க்குள் ஒளி சிதறுகிறது. 10×42 இதிலும் விழுந்தது. நடைபாதைக் கோட்டுச் சோதனையைக் கட்டட விளிம்பில் வைத்து மூன்றிலும் செய்தார்கள்; மூன்றும் தேறின. ஒன்று கவனிக்க வேண்டும்: காட்சிக்கு வைத்த கருவியைச் சோதித்துவிட்டு, மூடிய பெட்டியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரே மாதிரியில் ஒவ்வொரு கருவியும் வேறுபடும். எடுத்துப்போகும் அந்தக் கருவியையே சோதிக்க வேண்டும்.

மூன்றிலும் சிறந்த படம் எம்5தான். ஆனால் பெட்டி, வார் எல்லாம் சேர்த்தால் அன்றைய விலையில் 400 தாண்டியது. தாண்டிய தொகையை உலர்பெட்டியில் குறைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அதைத்தான் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்; முதல் கருவியைக் கொன்றவற்றில் ஒன்று அந்தச் சேமிப்புத்தான். கடைசியில் இஎக்ஸ் 8×40 முடிவானது. 70 மீட்டரில் அதன் காட்சி அகலம் சுமார் 10 மீட்டர். ஓய்வெடுக்கும் ஒரு கூட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும், பறந்துபோகும் மீன்கொத்தியைத் தேடிப் பிடிப்பதும் எளிது. இதற்காக விட்டுக்கொடுத்தவை மூன்று: எடை, பருமன், ஐந்து மீட்டருக்கு உட்பட்டதைக் குவிக்க முடியாமை. பட்டாம்பூச்சியும் தும்பியும் பார்க்கிற குடும்பமாக இருந்தால் இந்தக் கருவியைப் பரிந்துரைத்திருக்க மாட்டோம்.

முக்காலியில் வைக்கும் 20–60×60 ஸ்கோப் பற்றியும் பேச்சு வந்தது. 60 மடங்கில் அதன் ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர். உறுதியான முக்காலிக்குத் தனிச் செலவு. இந்தத் தொகைக்குள் இரண்டும் அரைகுறையாகிவிடும் என்பதால் கைவிடப்பட்டது.

உள்ளூரில் வாங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பிலுள்ள, லெமன் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. வெளிநாட்டு இணையக் கடையிடம் இதைச் சாதிப்பது கடினம். வரி மிச்சம் என்ற கணக்கும் இப்போது பெரும்பாலும் இல்லை. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, அந்த வரி 2024 முதல் 9 விழுக்காடு. ஆகவே முதல் ஆறு மாதத்தில் கருவியை அலமாரியில் பூட்டாமல் அடிக்கடி பயன்படுத்துங்கள், கோட்டுச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள், ரசீதைப் படம் பிடித்து வையுங்கள்.

கண்ணுக்குப் பொருத்துதல்

புதுக் கருவி வந்த முதல் வாரமே மகள் ‘மங்கலா இருக்கு’ என்றாள். கருவியில் குறை இல்லை. அப்பாவின் கண்ணுக்கு வைத்த அமைப்பில் அவள் பார்த்திருந்தாள். ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வரிசை இது. இரு வட்டங்களும் ஒன்றாகும்வரை கீலை மடக்குங்கள். மூக்குக் கண்ணாடி அணிந்தவர் கண்வில்லையின் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும், அணியாதவர் வெளியே இழுக்க வேண்டும். வலப்பக்க முன்வில்லையை மூடியால் மறைத்து, இரு கண்களையும் திறந்தபடியே, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு ஒரு கார் எண்தகட்டைக் குவியுங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே தகட்டைக் குவியுங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்தமுறை மூன்று விநாடி வேலை. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு செய்தால் திறந்த கண்ணும் சுருங்கும், அளவு தவறும்.

வைக்கும் பெட்டியும் வழியில் வரும் ஈரமும்

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத 10 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, சிறிய ஈரப்பதமானி, 200 கிராம் சிலிக்கா ஜெல்: மொத்தம் 40 வெள்ளிக்குள் முடிந்தது. மின்சார உலர்பெட்டி வசதியானது, அவசியமில்லை. இலக்கு 40 முதல் 50 விழுக்காடு. 30க்குக் கீழே நெடுநாள் இருந்தால் ரப்பரும் மசகும் வறண்டுபோகும். கூடுதலாகச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடுவதும் தவறுதான். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் தட்டில் பரப்பி, அடுப்புப் பெட்டியில் 120 பாகைக்கு மேல் போகாமல் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் நிறம் திரும்பும். அரிசியை நிரப்பி வைப்பது பலருக்குத் தெரிந்த வைத்தியம். அரிசி தூசியைத்தான் தரும், ஈரத்தை 50க்குக் கீழே இறக்காது. பழைய தோல் உறையைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

நைட்ரஜன் நிரப்பியிருக்கிறது, ஆகவே பனி படியாது என்ற நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டும். உள்ளே படியாது; வெளியே படியும். 28 பாகை வெப்பமும் 82 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 24.6 பாகையிலுள்ள பரப்பைத் தொட்டாலே நீராகும். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் குளிர்ந்த கருவி அதைவிடக் குளிராக இருக்கக்கூடும். கிராஞ்சியில் இறங்கியதும் பையிலிருந்து எடுத்தால் வில்லை வெண்மையாகும். சட்டை நுனியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். ஏறும் முன்பே ஜிப் பையில் போட்டு மூடி, இறங்கிய பின் 20, 30 நிமிடம் மூடியபடியே வைத்துத் திறப்பதுதான் வழி. பேருந்து நிறுத்தத்திலிருந்து மறைவிடத்துக்கு நடக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது.

கொசுமருந்து இன்னொரு எதிரி. டீட் உள்ள மருந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். கையில் தடவிய உடனே கருவியைப் பிடித்தால் பிடிப்புப் பிசுபிசுக்கத் தொடங்கும். பிக்காரிடின் உள்ள மருந்து இந்தத் தொல்லை தராது. புலாவ் உபினிலிருந்தோ சாங்கிக் கடற்கரையிலிருந்தோ திரும்பினால், ஈரக்காப்புள்ள கருவியைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசி உப்பை நீக்கலாம். ஈரக்காப்பு இல்லாததில் அதைச் செய்யாதீர்கள். வில்லையில் முதலில் காற்றூதி, அடுத்து மென்தூரிகை, அதற்குப் பிறகே துணி.

பத்து மாதம் கழித்து

கோட்டுச் சோதனையில் விலகல் இல்லை. டார்ச் சோதனையில் பட்டகம் தெளிவு. பெட்டியின் ஈரப்பதமானி 44க்கும் 52க்கும் இடையில் நின்றிருக்கிறது. மணிகள் மூன்றுமுறை சூடாக்கப்பட்டன. நவம்பர் மாதக் கடலேற்றம் ஒன்றில், எதிர்வெளிச்சத்தில், சிவப்புக்கால் உள்ளான்களுக்கு நடுவே நின்ற பச்சைக்காலியை முதலில் காலின் நிறத்தாலும், பிறகு சற்றே மேல்நோக்கி வளைந்த அலகாலும் மகளே பிரித்துச் சொன்னாள்.

குறை ஒன்று வந்தது, எதிர்பார்த்ததே: எடை. உடன்வந்த மெல்லிய கழுத்துவாரில் 855 கிராம் ஒரு மணி நேரத்தில் மகளின் கழுத்தை அறுத்தது. தோள்களில் குறுக்காக மாட்டும் வார் 30 வெள்ளிக்கு மாற்றப்பட்டது. அதை நெஞ்சுக்குச் சற்று மேலே தொங்கும்படி சுருக்கிய பிறகுதான் கருவி இடுப்பில் மோதுவது நின்றது. கீல் இப்போதும் சற்று இறுக்கம். 57 மில்லிமீட்டருக்கு அவள் அதை ஏறக்குறைய கடைசிவரை மடக்க வேண்டியிருக்கிறது. இரு கண்வில்லைகளும் மூக்கை நெருக்குகின்றன என்கிறாள். முகம் வளர வளர இது தளரும். அடுத்த கோட்டுச் சோதனை செப்டம்பரில், வலசைப் பறவைகளின் பருவத்துக்காக.